ஒரு கொலை, ஒரு நாடகம், 13 தடங்கள்: டாம் வெயிட்ஸின் ‘பிளட் மணி’

மேடை நாடகத்துக்காக எழுதப்பட்ட பாடல்கள் பெரும்பாலும் அந்த மேடையோடு முடிந்துவிடும். திரை விழுந்ததும் பாடல்களும் மறைந்துவிடும். சில மட்டும் தனி இசைத்தொகுப்பாகி, நாடகத்தைப் பார்த்தே இராதவர்களின் காதுகளுக்கும் போய்ச் சேரும். அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸ் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பிளட் மணி’ அப்படிப்பட்ட ஒன்று. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 2000-ஆம் ஆண்டு மேடையேறிய ‘வொய்செக்’ நாடகத்துக்காக எழுதப்பட்ட பாடல்கள் இவை.

இந்தத் தொகுப்பின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு கொலை நடந்தது. அதைப் பற்றி 23 வயதில் இறந்துபோன ஓர் இளைஞர் நாடகம் எழுதத் தொடங்கி, முடிக்காமல் விட்டுச் சென்றார். அந்த முடியாத நாடகம் பின்னர் இசைநாடகமாகவும் திரைப்படமாகவும் மாறி, கடைசியில் கரகரத்த குரல் கொண்ட ஓர் அமெரிக்கரிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பயணத்தின் விவரம் இது.

ஒரு பார்வையில்

தொகுப்பின் பெயர்: பிளட் மணி
பாடகர்: டாம் வெயிட்ஸ்
பாடல்கள் எழுதியோர்: டாம் வெயிட்ஸ், கேத்லீன் பிரென்னன்
வெளியான காலம்: 2002 மே
வெளியிட்ட நிறுவனம்: ஆன்டி
தடங்கள்: 13 (அவற்றில் 2 வாத்திய இசை மட்டும்)
நீளம்: சுமார் 42 நிமிடம்
மூல நாடகம்: ‘வொய்செக்’, எழுதியவர் கியோர்க் பியூக்னர்
மேடை இயக்கம்: ராபர்ட் வில்சன்
முதல் மேடையேற்றம்: பெட்டி நான்சன் அரங்கு, கோபன்ஹேகன், 2000 நவம்பர்

லைப்ஸிக் நகர வழக்கு

யோஹான் கிறிஸ்டியான் வொய்செக் 1780-இல் லைப்ஸிக் நகரில் பிறந்தவர். தலைமுடி ஒப்பனையும் பொய்முடி செய்வதும் அவர் கற்ற தொழில். பிறகு பிழைப்புக்காகப் பல படைகளில் சிப்பாயாகச் சேர்ந்தார். ஊர் திரும்பியபோது நிலையான வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. கிறிஸ்டியானா வூஸ்ட் என்ற 46 வயது விதவையுடன் அவருக்கு உறவு இருந்தது. அந்தப் பெண் வேறு சிப்பாய்களோடும் பழகுகிறார் என்ற பொறாமை அவரை அரித்தது.

1821 ஜூன் மாத மாலை ஒன்றில், உடைந்த வாள் அலகு ஒன்றுக்குக் கைப்பிடி பொருத்தி எடுத்துக்கொண்டு போன வொய்செக், வூஸ்ட் குடியிருந்த வீட்டின் நடையிலேயே அவரைக் குத்திக் கொன்றார். உடனே பிடிபட்டார், குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

வழக்கு அத்தோடு முடியவில்லை. வொய்செக்குக்கு ஏதேதோ குரல்கள் கேட்பதாகவும் காட்சிகள் தோன்றுவதாகவும் தகவல்கள் வந்தன. அப்படியானால் தான் செய்த காரியத்துக்கு அவர் பொறுப்பாளியா, இல்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு யோஹான் கிளாருஸ் என்ற மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரண்டு முறை அறிக்கை கொடுத்தார். இரண்டிலும் ஒரே முடிவுதான்: வொய்செக் சுய அறிவோடுதான் செயல்பட்டார். ஒழுக்கக்கேடும் சோம்பலும் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இந்த வழக்கு ஒரு பாடம் என்பது கிளாருஸின் பார்வை. 1824 ஆகஸ்ட் 27 அன்று, லைப்ஸிக் சந்தைச் சதுக்கத்தில், பெருங்கூட்டத்தின் முன் வொய்செக்கின் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 44.

தண்டனை நிறைவேறிய பிறகும் வாதம் ஓயவில்லை. மனநலம் குன்றியவரைக் கொல்லலாமா என்று ஜெர்மன் மருத்துவ இதழ்களில் தொடர்ந்து எழுதினார்கள். கிளாருஸின் அறிக்கையும் அப்படி ஓர் இதழில் அச்சானது. அந்த வாதம் நடந்த காலத்தில்தான் ஹெஸ்ஸன் பகுதியில் ஒரு மருத்துவரின் வீட்டில் ஒரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான்.

23 வயதில் முடிந்த எழுத்து வாழ்க்கை

கியோர்க் பியூக்னர் 1813 அக்டோபர் 17 அன்று பிறந்தார். தந்தையின் வழியில் அவரும் மருத்துவம் படித்தார். கீஸன் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அரசியல் அவரை இழுத்துக்கொண்டது. ஏழை விவசாயிகளின் வரிப்பணத்தில் அரண்மனைகள் எப்படிக் கொழுக்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டும் துண்டறிக்கை ஒன்றை 1834-இல் நண்பர்களோடு சேர்ந்து இரகசியமாக வெளியிட்டார். போலீஸ் தேடத் தொடங்கியதும் எல்லை தாண்டி ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குத் தப்பினார்.

அந்தச் சில ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி ‘டான்டனின் மரணம்’ என்ற நாடகம், ‘லெயோன்ஸும் லேனாவும்’ என்ற நகைச்சுவை நாடகம், ‘லென்ஸ்’ என்ற குறுநாவல். இவற்றோடு மீனின் நரம்பு மண்டலத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வும் நடந்தது. சூரிக் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்து, உடற்கூறியல் விரிவுரையாளராகவும் சேர்த்துக்கொண்டது. சில மாதங்கள்தான் பாடம் நடத்தினார். டைஃபஸ் காய்ச்சல் கண்டு 1837 பிப்ரவரி 19 அன்று இறந்தார். மேசையில் ‘வொய்செக்’ நாடகத்தின் கைப்பிரதிகள் கிடந்தன. காட்சிகள் இருந்தன, அவற்றின் வரிசை முடிவாகவில்லை. முடிவுக் காட்சியும் தெளிவாக இல்லை.

நாடகத்தின் கதை

பியூக்னரின் வொய்செக் ஒரு சாதாரணச் சிப்பாய். மேரி என்ற பெண்ணோடு அவனுக்கு உறவு. ஒரு குழந்தையும் உண்டு. முறைப்படி கல்யாணம் நடக்கவில்லை, அதற்குக் காசில்லை. சம்பளம் போதாமல் அவன் கேப்டனுக்குச் சவரம் செய்து விடுகிறான். அவன் கழுத்தருகே கத்தி வைத்துச் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே, ஒழுக்கத்தைப் பற்றிக் கேப்டன் அவனுக்குப் போதனை செய்கிறார். ஒழுக்கமாக இருக்கவும் பணம் வேண்டுமே என்ற பொருளில் வொய்செக் பதில் சொல்கிறான்.

அது போதாதென்று ஒரு டாக்டரின் சோதனைக்கும் தன் உடம்பை வாடகைக்கு விட்டிருக்கிறான். பட்டாணி தவிர வேறெதுவும் சாப்பிடக்கூடாது. சிறுநீரைக் குறித்த நேரத்தில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அதற்குத் தினமும் சில காசுகள். அவன் மனம் சிதறத் தொடங்கும்போது டாக்டர் பதறவில்லை. நல்ல நோய்க்குறி கிடைத்தது என்று மகிழ்கிறார். கூலியைக் கொஞ்சம் கூட்டித் தருவதாகவும் சொல்கிறார்.

இப்படிச் சேர்த்த காசையெல்லாம் வொய்செக் மேரியிடம் கொடுக்கிறான். ஆனால் படையின் முரசுக்குழுத் தலைவன் மேரியின் மேல் கண் வைக்கிறான். அவளிடம் புதிய தோடு இருப்பதை வொய்செக் பார்க்கிறான். ஊர் கேலி பேசுகிறது. கேப்டனும் சாடையாகக் குத்திக் காட்டுகிறார். முரசுக்குழுத் தலைவன் அவனை அடித்தும் போடுகிறான். மண்ணுக்கடியிலிருந்தும் காற்றிலிருந்தும் வொய்செக்குக்குக் குரல்கள் கேட்கின்றன. துப்பாக்கி வாங்க வசதியில்லாமல் மலிவான கத்தி ஒன்றை வாங்குகிறான். குளக்கரைக்கு மேரியை அழைத்துப்போய்க் குத்திக் கொல்கிறான். பிறகு கத்தியை ஒளிக்கத் தண்ணீருக்குள் இறங்குகிறான்.

அரசர்களும் பிரபுக்களுமே பெரும்பாலும் சோக நாடகத்தின் நாயகர்களாக இருந்த காலத்தில், கடைநிலைச் சிப்பாய் ஒருவனை நடுவில் நிறுத்தியது பியூக்னரின் துணிச்சல். கிளாருஸின் அறிக்கை ‘இவன் ஒழுக்கமற்றவன்’ என்று முடிந்த இடத்தில், ‘இவனை இப்படி ஆக்கியது யார்?’ என்று நாடகம் தொடங்குகிறது.

மங்கிய மையும் மாறிய பெயரும்

கைப்பிரதிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறவில்லை. கார்ல் எமில் ஃபிரான்ஸோஸ் என்ற எழுத்தாளர் அவற்றை எடுத்துப் பார்த்தபோது மை மங்கியிருந்தது. இரசாயனம் பூசி எழுத்துகளைத் துலங்கச் செய்து படித்தார். பியூக்னரின் கையெழுத்து பொடியானது, படிக்கச் சிரமமானது. ‘வொய்செக்’ என்ற பெயரை ஃபிரான்ஸோஸ் ‘வோட்ஸெக்’ என்று தவறாகப் படித்தார். 1879-இல் அந்தத் தவறான பெயரிலேயே நாடகம் தொகுப்பில் வெளிவந்தது.

முதல் மேடையேற்றம் 1913 நவம்பரில், மியூனிக் நகரில். பியூக்னர் பிறந்து நூறாண்டு ஆன பிறகுதான் அது நடந்தது. அடுத்த ஆண்டு வியன்னாவில் நாடகத்தைப் பார்த்த இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க், அதை இசைநாடகமாக்க முடிவு செய்தார். இடையே முதல் உலகப் போர் வந்தது. பெர்க்கும் ஆஸ்திரியப் படையில் சேர வேண்டியதாயிற்று. மேலதிகாரிக்குக் கீழே மனிதன் எப்படிச் சுருங்குகிறான் என்பதை அவர் நேரில் அறிந்தார். 1925 டிசம்பர் 14 அன்று பெர்லினில் அரங்கேறிய அவருடைய ‘வோட்ஸெக்’, 20-ஆம் நூற்றாண்டின் மிக முக்கியமான இசைநாடகங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. பழைய எழுத்துப்பிழை அதன் தலைப்பில் இன்றும் நிலைத்திருக்கிறது. 1979-இல் ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்ஸோக், கிளவுஸ் கின்ஸ்கியை நாயகனாக வைத்து இதைத் திரைப்படமாக எடுத்தார்.

இத்தனை பேர் கைபட்ட கதையை மீண்டும் தொடுவது எளிதல்ல. டாம் வெயிட்ஸுக்கு அதற்கான பயிற்சி முன்பே இருந்தது.

மதுக்கூடத்திலிருந்து மேடைக்கு

டாம் வெயிட்ஸ் 1949 டிசம்பர் 7 அன்று கலிஃபோர்னியாவின் பொமோனாவில் பிறந்தார். 1973-இல் வெளியான முதல் தொகுப்பு ‘குளோசிங் டைம்’. அப்போதெல்லாம் பியானோவின் முன் அமர்ந்து, மூடும் நேரத்து மதுக்கூடம், தனிமை, நெடுஞ்சாலை என்று மெல்லிய பாடல்கள் பாடுபவராகத்தான் அவர் அறியப்பட்டார். குரல் போகப்போகக் கரகரத்தது. சரளைக் கல்லின் மேல் வண்டி உருளும் ஓசையை ஒத்தது.

1980-இல் கேத்லீன் பிரென்னனைத் திருமணம் செய்துகொண்டது அவருடைய இசையின் திருப்புமுனை. பிரென்னன் அவருடைய பாடல்களின் கூட்டு ஆசிரியராகவும் ஆனார். 1983-இல் வந்த ‘சுவார்ட்ஃபிஷ் டிராம்போன்ஸ்’ தொகுப்பில் பழைய பியானோ ஒதுங்கி, மரிம்பாவும் விசித்திரமான தாளக் கருவிகளும் முன்னுக்கு வந்தன. கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய ‘ஃபிராங்க்ஸ் வைல்ட் இயர்ஸ்’ நாடகத்தை 1986-இல் சிகாகோவின் ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழு மேடையேற்றியது. அதன் பாடல்கள் மறு ஆண்டு தொகுப்பாக வந்தன. நாடகம் முதலில், தொகுப்பு பிறகு என்ற வழக்கம் அங்கே தொடங்கியது.

வில்சனோடு மூன்று நாடகங்கள்

அமெரிக்க மேடை இயக்குநர் ராபர்ட் வில்சன், இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸுடன் சேர்ந்து 1976-இல் உருவாக்கிய ‘ஐன்ஸ்டைன் ஆன் த பீச்’ மூலம் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய மேடையில் வசனத்தைவிட வெளிச்சம் அதிகம் பேசும். நடிகர்கள் மிக மெதுவாக, பொம்மைகளைப் போல அளந்து நகர்வார்கள். முகத்தில் வெள்ளைப் பூச்சு, கூர்மையான நிழல், ஒரே நிறத்தில் தகதகக்கும் பின்திரை ஆகியவை அவருடைய அடையாளங்கள். 2025 ஜூலையில், 83 வயதில் அவர் காலமானார்.

வில்சனும் வெயிட்ஸும் இணைந்த முதல் நாடகம் ‘தி பிளாக் ரைடர்’. 1990-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தாலியா அரங்கில் மேடையேறியது. நாடக வசனம் எழுதியவர் வில்லியம் பரோஸ். 1992-இல் அதே அரங்கில் ‘ஆலிஸ்’. எழுத்தாளர் லூயிஸ் கேரலுக்கும் அவருடைய கதைக்குத் தூண்டுதலாக இருந்த ஆலிஸ் லிடல் என்ற சிறுமிக்கும் இடையேயான தொடர்பைப் பற்றியது அது. மூன்றாவதுதான் ‘வொய்செக்’.

இருவரின் இயல்பும் எதிரெதிரானது. வில்சனின் மேடை துடைத்து வைத்த கண்ணாடி போன்றது. வெயிட்ஸின் இசையோ துருவும் புழுதியும் படிந்தது. குளிர்ந்த, ஒழுங்கான காட்சிக்கு மேல் சூடான, கரடுமுரடான இசை விழுந்தபோது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டின. கோபன்ஹேகனில் டேனிஷ் நடிகர்கள் பாடி நடித்த இந்த மேடையேற்றம், பிறகு லண்டன், நியூயார்க் உள்ளிட்ட நகரங்களுக்கும் பயணம் செய்தது.

மேடையிலிருந்து தொகுப்புக்கு

நாடகத்தில் ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் ஆள் உண்டு. மேரி பாடுவாள், வொய்செக் பாடுவான், மற்றவர்களும் பாடுவார்கள். தொகுப்பிலோ எல்லாவற்றையும் வெயிட்ஸே பாடுகிறார். அதனால் யார் யாரிடம் பேசுகிறார் என்பது சட்டென்று விளங்காது. கொலைகாரனும், ஏளனம் செய்பவனும், தாலாட்டுபவளும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறார்கள். தெருவோரக் கதைசொல்லி ஒருவன் எல்லாப் பாத்திரங்களையும் தானே ஏற்றுப் பேசுவதைப் போன்ற அனுபவம் அது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தொகுப்பு கதையை வரிசையாகச் சொல்லவில்லை. வொய்செக் என்ற பெயரோ, பட்டாணிச் சோதனையோ, டாக்டரோ பாடல்களின் தலைப்பில் வருவதில்லை. நாடகத்தின் மனநிலை மட்டும் வடிகட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. பியூக்னரின் கைப்பிரதியும் வரிசை இல்லாத காட்சிகளின் குவியல்தான் என்பதை நினைத்தால், இந்த முறை மூலத்துக்கு விசுவாசமானது என்றே சொல்ல வேண்டும்.

‘பிளட் மணி’ என்ற தலைப்புக்கு இரத்தப் பணம் என்று பொருள். கொலைக்குக் கூலியாகப் பெறும் பணத்தையும், உயிரிழப்புக்கு ஈடாகக் கொடுக்கும் பணத்தையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். உடம்பை விற்றுக் காசு சேர்க்கும் சிப்பாயின் கதைக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

பாடல்கள்: மூன்று வகை

தொகுப்பின் பாடல்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எளிதில் பிடிபடும்.

முதல் வகை, உலகத்தின் மேல் காறி உமிழும் பாடல்கள். தொகுப்பைத் தொடங்கிவைக்கும் ‘மிசரி இஸ் த ரிவர் ஆஃப் த வேர்ல்ட்’, அதைத் தொடரும் ‘எவ்ரிதிங் கோஸ் டு ஹெல்’, ‘காட்ஸ் அவே ஆன் பிசினஸ்’, ‘ஸ்டார்விங் இன் த பெல்லி ஆஃப் அ வேல்’ ஆகியவை இதில் அடங்கும். துன்பமே உலகத்தை நகர்த்தும் ஆறு, எல்லாம் நாசமாகத்தான் போகும், கடவுள் வியாபார விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று போகின்றன இவற்றின் தலைப்புகள். கடைசியாகச் சொன்ன கருத்து நகைச்சுவையாகத் தோன்றும். ஆனால் கூலிக்காரனின் முறையீட்டைக் கேட்க மேலே யாரும் இல்லை என்பதுதான் அதன் உள்ளே இருப்பது. 2005-இல் வெளியான, எரிசக்தி நிறுவனமான என்ரானின் வீழ்ச்சியைப் பற்றிய ஆவணப்படத்தில் இந்தப் பாடல் பயன்படுத்தப்பட்டது. இருநூறு ஆண்டுப் பழைய சிப்பாய்க்கு எழுதிய பாட்டு, பங்குச்சந்தை மோசடிக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது.

இரண்டாவது வகை, காதல் பாடல்கள். ‘கோனி ஐலண்ட் பேபி’, ‘ஆல் த வேர்ல்ட் இஸ் கிரீன்’ இரண்டும் தொகுப்பின் இளகிய இடங்கள். கோனி ஐலண்ட் என்பது நியூயார்க்கின் பழைய கடற்கரைக் கேளிக்கைப் பகுதி. ஜெர்மன் சிப்பாயின் கதையில் அது எங்கே வந்தது என்று கேட்கலாம். பியூக்னரின் நாடகத்திலும் ஒரு திருவிழாக் காட்சி உண்டு. வித்தை காட்டும் மிருகங்களைப் பார்க்க வொய்செக்கும் மேரியும் சேர்ந்து போவார்கள். அவர்கள் இருவரும் சிரித்திருக்கக்கூடிய ஒரே மாலை அது. ‘ஆல் த வேர்ல்ட் இஸ் கிரீன்’ பாடலில், உடைந்ததை மீண்டும் ஒட்டிவிடலாம், பழைய பச்சை திரும்பிவிடும் என்று ஒருவர் இறைஞ்சுகிறார். கதை எங்கே போகிறது என்று தெரிந்து கேட்பவருக்கு அந்த இறைஞ்சல் வலிக்கும்.

மூன்றாவது வகை, பொறாமையும் இழப்பும். ‘அனதர் மேன்ஸ் வைன்’ பாடல், அடுத்தவன் தோட்டத்துத் திராட்சைக் கொடியை உருவகமாக எடுத்துக்கொள்கிறது. ‘நைஃப் சேஸ்’ வார்த்தையே இல்லாத வாத்திய இசை. கத்தியும் துரத்தலும் தலைப்பிலேயே இருக்கின்றன. உடனே அடுத்து வருவது ‘லல்லபை’ என்ற தாலாட்டு. இந்த அடுக்கு தற்செயலானதல்ல. நாடகத்திலும், கொலைக்குச் சற்று முன்பாக ஒரு பாட்டி குழந்தைகளுக்குக் கதை சொல்வாள். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை ஒன்று நிலவையும் சூரியனையும் தேடிப்போய், எதுவும் தோன்றியது போல் இல்லை என்று கண்டு, தனியே உட்கார்ந்து அழுகிற கதை அது. ஆறுதல் தராத தாலாட்டு என்ற எண்ணத்தை நாடகத்திலிருந்து தொகுப்பு அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறது.

‘வோ’ என்ற மிகச் சிறிய பாடலும் ‘காலியோப்பி’ என்ற வாத்திய இசையும் கடந்து, ‘அ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்’ என்ற பாடலோடு தொகுப்பு முடிகிறது. நல்ல ஆண்மகன் கிடைப்பது அரிது என்பது அதன் தலைப்பு. கேப்டன் வாய்க்கு வாய் வொய்செக்கை ‘நல்ல மனிதன்’ என்று சொல்லிக்கொண்டே அவனை மிதித்ததை அறிந்தவர்களுக்கு, இந்தத் தலைப்பில் இருக்கும் கசப்பு புரியும்.

ஒலியின் இயல்பு

இந்தத் தொகுப்பில் மின்கிட்டார் ஆர்ப்பாட்டம் குறைவு. மரக்கட்டைகளைத் தட்டி இசைக்கும் மரிம்பா, அடித்தொண்டையில் முனகும் பாஸ் கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸபோன், கான்ட்ராபாஸ், காற்றுத்துருத்தி ஆர்கன் ஆகியவைதான் முன்னே நிற்கின்றன. அணிவகுப்பு இசையும், சர்க்கஸ் கூடார இசையும், பழைய ஐரோப்பிய காபரே இசையும் கலந்த ஓசை கிடைக்கிறது.

காலியோப்பி என்பது தனிக்கவனம் பெற வேண்டிய கருவி. ஊதல்களுக்குள் நீராவியையோ அழுத்தப்பட்ட காற்றையோ செலுத்தி, விசைப்பலகையால் இசைப்பார்கள். 1855-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இது, ஆற்றுக் கப்பல்களிலும் சர்க்கஸ் ஊர்வலங்களிலும் ஊரையே எழுப்பும். சத்தம் பல மைல் கேட்கும். சுருதி பெரும்பாலும் சற்றுப் பிசகியே இருக்கும். திருவிழாவின் மகிழ்ச்சி சற்றே பிசகினால் அச்சமாக மாறிவிடும். அந்த இடத்தைத்தான் வெயிட்ஸ் இந்தக் கருவியால் தொடுகிறார்.

இரட்டைப் பிள்ளைகள்

‘பிளட் மணி’ தனியாக வரவில்லை. ‘ஆலிஸ்’ நாடகத்தின் பாடல்களும் அதே நாளில் தனித் தொகுப்பாக வெளியாயின. பத்தாண்டுகளாக அனுமதியற்ற பிரதிகளாக ரசிகர்களிடம் உலவிவந்த பாடல்களுக்கு அப்போதுதான் முறையான பதிவு கிடைத்தது. ‘ஆலிஸ்’ கனவும் ஏக்கமும். ‘பிளட் மணி’ மண்ணும் இரத்தமும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே கலைஞர் ஒரே இயக்குநருக்காக எத்தனை வேறுபட்ட உலகங்களைக் கட்டினார் என்பது தெரியும். ‘வொய்செக்’ நாடகத்துக்கு எழுதித் தொகுப்பில் இடம்பெறாத ‘ஷைனி திங்ஸ்’ என்ற பாடல், பின்னர் 2006-இல் வந்த ‘ஆர்ஃபன்ஸ்’ தொகுப்பில் சேர்ந்தது.

எப்படிக் கேட்பது?

புதிதாகக் கேட்பவர்கள் முதல் தடத்திலிருந்து தொடங்கினால், குரலின் கரகரப்பில் மிரண்டு நிறுத்திவிட வாய்ப்புண்டு. ‘ஆல் த வேர்ல்ட் இஸ் கிரீன்’, ‘கோனி ஐலண்ட் பேபி’ இரண்டையும் முதலில் கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டு, பிறகு தொடக்கத்துக்குத் திரும்புவது நல்லது. அதற்கு முன் நாடகத்தையும் ஒருமுறை படித்துவிடலாம். மிகச் சிறியது, ஒரே மாலையில் முடித்துவிடலாம். நாடகம் தெரியாமல் கேட்டால் இவை இருண்ட பாடல்கள். தெரிந்து கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் கிடைக்கும்.

மறக்கப்பட்ட பெயர்

நாடகத்தையும் தொகுப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஏழைச் சிப்பாயைக் கொலைகாரனாக்கிய சமூகத்தைப் பியூக்னர் கூண்டில் ஏற்றினார். அது நியாயமான வழக்கு. ஆனால் இரக்கம் முழுவதும் கொன்றவன் பக்கமே சாய்ந்துவிட்டால், கொல்லப்பட்டவள் என்ன ஆவாள்? மேரியும் அதே வறுமையில் வாழ்ந்தவள்தான். உடைந்த கண்ணாடித் துண்டில் தோட்டின் அழகைப் பார்த்து மகிழ்ந்ததும், பிறகு குற்ற உணர்வில் விவிலியத்தைப் புரட்டியதும் அவளுடைய சில காட்சிகள். அவளுக்கும் தப்பிக்கும் வழி இருக்கவில்லை.

பியூக்னர் மேரிக்குத் தனிக் காட்சிகள் கொடுத்து ஓரளவு நீதி செய்தார். மேடையில் அவளுக்குச் சொந்தக் குரலும் இருந்தது. ஒரே ஆணின் குரலில் பதிவான தொகுப்பில் அந்தக் குரலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தாலாட்டிலும் கடைசிப் பாடலிலும் உற்றுக் கேட்பவர்களுக்கு அது கிடைக்கும்.

லைப்ஸிக் சிப்பாயின் பெயர் இன்று நாடகத்தின், இசைநாடகத்தின், திரைப்படத்தின் தலைப்பாக உலகெங்கும் ஒலிக்கிறது. அன்று தன் வீட்டு நடையில் இறந்து விழுந்த பெண்ணின் பெயர் வழக்கு ஆவணங்களைப் புரட்டுபவர்களுக்கே தெரியும். அவர் பெயர் கிறிஸ்டியானா வூஸ்ட்.